நம்பர் இல்லாத நான்கு நாற்காலிகள்

என் வீட்டுக்காரர் ரிட்டயராகி, ஃபாக்டரி குவார்ட்டர்ஸைக் காலி செய்த அன்று ஸ்டோர் கிளார்க் வந்து எங்கள் நாற்காலிகளை ஒவ்வொன்றாகக் கவிழ்த்துப் பார்த்தார். கட்டில், மேசை, அலமாரி, நாற்காலி எல்லாமே ஃபாக்டரி கொடுத்தவை. சம்பளத்தில் வாடகை பிடித்துக்கொள்வார்கள். ஒவ்வொன்றின் அடியிலும் வெள்ளைப் பெயின்டில் ஒரு நம்பர் இருக்கும். கிளார்க் நம்பரைச் சத்தமாகப் படிப்பார், கூட வந்த ஆள் தூக்கி வண்டியில் போடுவான். என் வீட்டுக்காரர் கையைக் கட்டிக்கொண்டு பக்கத்தில் நின்றார்.

ஒரு நாற்காலியில் மட்டும் நம்பர் இல்லை.

"நம்பர் கிதர் கயா?" என்று கிளார்க் அவரைக் கேட்டார். நம்பர் எங்கே போச்சாம்.

அவர் என்னைப் பார்த்தார். வெள்ளிக்கிழமை தவறாமல் சோப்புத் தண்ணீர் ஊற்றித் தேங்காய் நாரால் தேய்த்துக் கழுவுகிறவள் நான். தேய்த்த தேய்ப்பில் நம்பர் போய்விட்டது.

"தோ டாலா," என்றேன். கழுவிவிட்டேன், அவ்வளவுதான். வீடென்றால் கழுவத்தானே வேண்டும்?

நம்பர் இல்லாவிட்டால் அது ஃபாக்டரி நாற்காலிதானா என்று கிளார்க்குக்குச் சந்தேகம். ஃபாக்டரியுடையது இல்லையென்றால் எங்களிடமே விட்டுவிட்டுப் போக வேண்டியதுதானே? அதுவும் மாட்டார். தலையைச் சொறிந்துகொண்டு நின்றவர் கடைசியில் அதையும் வண்டியில் ஏற்றிவிட்டார். கூடம் வெறிச்சென்று ஆனது. புனே பக்கத்துக் கட்கிக்குக் கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அந்த வீட்டில் குடித்தனம் செய்தவள் நான். உட்கார ஒரு பலகை எனக்குச் சொந்தமாக இல்லை என்பது அன்றைக்குத்தான் உறைத்தது.

பக்கத்திலேயே போபோடியில் முன்பே ஒரு சின்ன வீடு வாங்கிப் போட்டிருந்தோம். இரண்டு அறை, வாசலைத் திறந்தால் சந்து. பிள்ளைகளுக்குக் கல்யாணமாகி வெளியூர் போய்விட்டார்கள், எங்கள் இருவருக்கு அது போதும். பாய் இருந்தது, டிரங்குப் பெட்டி இருந்தது. தரையில் உட்கார என்னால் முடியும், இன்றைக்கும் முடியும். அவரால் முடியாது. மிஷின் முன்னால் நின்று நின்றே முட்டி இரண்டும் தேய்ந்து போனவர். ஒரு வழியாக உட்கார்ந்துவிட்டாலும் எழுந்திருக்கச் சுவரையும் என்னையும் பிடிக்க வேண்டும். அவருடைய சிநேகிதர்கள் மூன்று பேருக்கும் அதே முட்டி, அதே கதி.

அந்த மூன்று பேரும் எங்களைப் போல வட ஆற்காட்டுப் பக்கத்திலிருந்து வந்தவர்கள், ஃபாக்டரியில் அவரோடு ஒரே ஷாப்பில் வேலை செய்தவர்கள். ஞாயிற்றுக்கிழமை சாப்பாடு முடிந்ததும் எங்கள் குவார்ட்டர்ஸுக்கு வந்துவிடுவார்கள். சீட்டாட்டம். இருபத்தெட்டு என்று ஒரு ஆட்டம் உண்டு, இரண்டு இரண்டு பேராகச் சேர்ந்து ஆடுவது. நான்கு பேர் வேண்டும், ஒருவர் குறைந்தாலும் ஆட்டம் இல்லை. காசு வைக்க மாட்டார்கள். தோற்ற ஜோடி என் துணிக் கிளிப்பைக் காதில் மாட்டிக்கொண்டு அடுத்த கையை ஆட வேண்டும். அவ்வளவு பெரிய மீசைகளோடு காதில் நீலக் கிளிப்பும் சிவப்புக் கிளிப்புமாக உட்கார்ந்திருப்பார்கள். நான் டீ போட்டுக் கொடுத்துவிட்டு அடுக்களைக் கதவோரம் கீரை ஆய்ந்துகொண்டு பார்ப்பேன். அங்கிருந்து இரண்டு பேருடைய சீட்டு நன்றாகத் தெரியும். வாயைத் திறந்ததில்லை.

போபோடிக்கு வந்தபின் அவர் யாரையும் வீட்டுக்குக் கூப்பிடவில்லை. கேட்டால், "எங்கமே உக்கார வெக்கறது? உன் தலைமேலயா?" என்பார். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொள்வார். தூங்கவும் மாட்டார்.

மழைக்காலம் ஆரம்பிக்கிற சமயம், அந்த மூன்று பேரில் ஆள் பருமனாக இருப்பவர் மார்க்கெட்டில் எங்களைப் பார்த்தார். நான் அவரை அண்ணா என்றுதான் கூப்பிடுவேன்.

"தங்கச்சி, தீபாவளி முடிஞ்சா நான் ஊருக்கே போய்டறேன். ரெண்டாவது பையன் வந்து இட்டுகினு போறான்," என்றார். பிறகு இவரைப் பார்த்து, "போறதுக்குள்ள ஒரு தபா உன் புது வூட்ல உக்காந்து சீட்டுப் போடலாம்னு பாக்கறேன். நீ இன்னாடான்னா கூப்டவே மாட்டேன்ற. பெரிய மனுசனாயிட்டியா?"

இவர் சிரித்து மழுப்பினார். வீட்டுக்கு வந்து சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார், சாப்பிடவில்லை. அவர் தட்டைப் பார்த்துக்கொண்டே நான் முடிவு செய்தேன். தீபாவளிக்குள் இந்த வீட்டில் நான்கு நாற்காலி வந்தாக வேண்டும். அந்த நான்கு பேரும் என் வீட்டில் உட்கார்ந்து ஆட வேண்டும்.

பிளாஸ்டிக் நாற்காலி வாங்கினால் என்ன என்று பக்கத்து வீட்டு மராத்திக்காரி கேட்டாள். பிளாஸ்டிக் நாற்காலி கல்யாணத்துக்கு வாடகைக்கு வரும், சாவுக்கும் வாடகைக்கு வரும். வாடகை நாற்காலியில் உட்கார்ந்தது போதும் எனக்கு. தவிர, அண்ணா ஏற்கெனவே ஒரு வளைகாப்பில் பிளாஸ்டிக் நாற்காலியோடு மல்லாந்து விழுந்தவர். கடையில் புது மர நாற்காலி விலை கேட்டேன். கேட்டுவிட்டு வந்துவிட்டேன்.

அப்புறம்தான் ஜூனா பஜார். புதனும் ஞாயிறும் கூடும். ரோட்டோரம் கோணியை விரித்துப் பழைய சாமான்களைக் கொட்டி வைத்திருப்பார்கள். பித்தளைக் குழாய், நின்று போன கடிகாரம், பெரிய பங்களாவிலிருந்து வந்த கதவு, ஒற்றைச் செருப்பு எல்லாம் கிடக்கும். ஆம்பிளைகள் கூட்டம்தான். நான் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு போனேன். முதல் இரண்டு மூன்று தடவை வெறுங்கையோடுதான் திரும்பினேன். பார்த்தவை எல்லாம் ஆபீஸ் நாற்காலிகள், அடியில் நம்பர் போட்டவை. நம்பரைப் பார்த்ததும் கீழே வைத்துவிடுவேன்.

ஒரு புதன்கிழமை, இரும்புக் குவியலுக்கு அடியில் அது கிடந்தது. யாரோ நீல ஆயில் பெயின்டை அப்பியிருந்தார்கள். முன்னங்கால் ஒன்று ஒடிந்து கயிற்றில் கட்டித் தொங்கியது. உட்காரும் இடம் வெறும் வளையம், பிரம்பெல்லாம் போய்விட்டது. ஆனால் அதன் முதுகைப் பார்த்து நின்றுவிட்டேன். பின்னங்கால் இரண்டும் முதுகும் ஒரே மரம். ஒட்டே இல்லை. கம்பை வளைப்பது போல மரத்தை வளைத்திருக்கிறார்கள். பெயின்ட் உரிந்த இடத்தை எச்சில் தொட்டுத் தேய்த்தேன். உள்ளே கறுப்புப் பாலிஷ், அதற்கும் உள்ளே தேன் நிறத்தில் மரம். கவிழ்த்துப் பார்த்தேன். நம்பர் இல்லை.

"மாவ்ஷி, ஹே லாகுட் நாஹி, ஸோனா ஆஹே!" என்றான் கடைக்காரன். மரமில்லையாம், தங்கமாம்.

"ஸோனேகா டாங் கைசே டூட்டா?" என்றேன். தங்கத்துக்குக் கால் எப்படியப்பா ஒடிந்தது?

அவன் சிரித்துவிட்டான். சிரித்துவிட்டால் விலை இறங்கும், அது எந்த ஊர் பஜாரிலும் உண்டு. என்ன விலைக்கு வாங்கினேன் என்று சொன்னால் இப்போது யாரும் நம்ப மாட்டார்கள், அதனால் சொல்லவில்லை. புனே கேம்ப் பகுதியில் ஒரு இரானி டீக்கடையை மூடப் போகிறார்கள், அங்கிருந்து வந்தது என்று மட்டும் அவனிடம் கேட்டு வைத்துக்கொண்டேன்.

பஸ்ஸில் ஏற்ற விடவில்லை. "ஆஜி, குர்ச்சி நாஹி சாலணார்," என்று கண்டக்டர் கையை ஆட்டினார். நாற்காலி கூடாதாம். அடுத்த பஸ்ஸிலும் அதே. நான் நாற்காலியை பஸ் ஸ்டாப் கம்பத்தோடு சாய்த்து, வளையத்தின் மேல் கோணிப்பையை மடித்துப் போட்டு, ஒடிந்த கால் பக்கம் என் காலையே முட்டுக் கொடுத்து உட்கார்ந்துவிட்டேன். பஸ் வரட்டும், போகட்டும். அந்த ஸ்டாப்பில் உட்கார இடம் இருந்தது எனக்கு மட்டும்தான். கடைசியில் ஒரு கண்டக்டர், "ஆஜி, உங்களுக்கு பஸ் எதுக்கு, நாற்காலியே ஓடும் போல இருக்கே," என்று மராத்தியில் கேலி செய்துகொண்டே பின்பக்கம் ஏற்றிவிட்டார்.

வீட்டில் இவர் பார்த்தார்.

"இன்னாமே இது?"

"சேரு."

"இதுக்கு மூணு காலு."

"நாலாவது கைல இருக்குது பாருங்க."

"பழைய சாமான் பங்கார்காரன் தூக்கிப் போட்டதை நீ தூக்கியாந்தியா? ரோட்ல எத்தினி பேரு பாத்தாங்க?"

"பாக்கட்டுமே. நம்ம காசுல வாங்கினது," என்றேன்.

ஒடிந்த காலை வஜ்ஜிரப் பசை காய்ச்சி ஒட்டினேன். இங்கே ஹார்டுவேர் கடைகளில் கிடைக்கும், ஸரஸ் என்று கேட்க வேண்டும். ஒரு சட்டித் தண்ணீருக்குள் இன்னொரு டப்பாவை வைத்துக் காய்ச்ச வேண்டும், நேராக நெருப்பில் வைத்தால் தீய்ந்துவிடும். வீடு முழுக்க மாட்டுத்தோல் நாற்றம். ஒட்டிய இடத்தில் சைக்கிள் டியூபைக் கீறி இறுக்கிச் சுற்றி வைத்தேன். கால் நின்றது. அப்புறம் உட்காரும் இடம்.

அங்கேதான் தப்புச் செய்தேன். எங்கள் பக்கத்துப் பெண்களுக்குக் கூடை வயர் என்றால் கை தானாக ஓடும். சந்தைக்கூடை, டிபன் கூடை, சாமிப் பூக்கூடை, எத்தனை பின்னியிருப்பேன்! இந்த வளையம் என்ன, ஒரு பெரிய கூடையின் அடிப்பாகம்தானே என்று நினைத்தேன். பச்சையும் வெள்ளையுமாக வயர் வாங்கி, கூடை முடிச்சுப் போட்டு இழுத்துப் பின்னினேன். முடித்துப் பார்த்தபோது எனக்கே பெருமை தாங்கவில்லை. நடுவில் ஒரு நட்சத்திரம் கூடப் போட்டிருந்தேன்.

"உக்காருங்க," என்றேன்.

உட்கார்ந்தார். "பரவால்ல," என்றார். பேப்பரை விரித்தார். நான் அடுக்களைக்குப் போய் அரிசி களைந்தேன். கொஞ்ச நேரத்தில் அவர் குரல் வேறு உயரத்திலிருந்து வந்தது.

"இந்தாமே! இங்க வா!"

வயர் இளகி இளகி அவர் வளையத்துக்குள் இறங்கிவிட்டார். முட்டி இரண்டும் முகத்துக்கு நேரே, பின்பக்கம் தரைக்குச் சமீபம். கையைப் பிடித்து இழுத்தால் நாற்காலியும் கூடவே வருகிறது. சிரிக்கக் கூடாது என்று உதட்டைக் கடித்துக்கொண்டேன். பக்கத்து வீட்டு மராத்திக்காரி சத்தம் கேட்டு வந்து, ஒரு பக்கம் நாற்காலியை அவள் பிடித்துக்கொள்ள, இந்தப் பக்கம் நான் அவரை இழுத்தேன். வெளியே வந்ததும் அவர் இரண்டு பேரையும் பார்க்காமல் வேட்டியைச் சரி செய்துகொண்டார்.

"கூடையில கத்திரிக்காய் வெப்பாங்க, புருசனையா வெப்பாங்க? வுட்டுடு. எனக்கு சேரும் வேணாம், சீட்டும் வேணாம்," என்றார்.

அந்த வேணாம் எனக்குப் பிடிக்கவில்லை. முன்பெல்லாம் கோபத்தில் வேண்டாம் என்பார். இது அப்படி இல்லை.

மறுநாள் காலையே நட்சத்திரத்தோடு சேர்த்து வயரை அறுத்துப் போட்டேன். கூடைக்குக் கூடை முடிச்சு, நாற்காலிக்கு நாற்காலிப் பின்னல். அது எப்படி என்று கண்ணால் பார்க்க வேண்டும். கேம்ப்புக்குப் போனேன்.

அந்த வயதுவரை நான் டீக்கடைக்குள் தனியாக நுழைந்ததே இல்லை. வாசலில் நின்றேன். உள்ளே பாதி கடை காலி. சுவரில் கண்ணாடிகள், கல்லாவில் பிஸ்கட் பாட்டில்கள், பின்னால் ஒரு வயதான இரானிக்காரர். பழைய நாற்காலி இருக்கிறதா என்று கேட்டேன்.

"பெஹ்லே பைட்டோ, பாய்," என்றார். முதலில் உட்காரம்மா என்று.

உட்கார்ந்தேன். நான் வாங்கியதைப் போலவே பழைய கறுப்பு நாற்காலிதான், பிரம்பு முழுசாக இருந்தது. டீயும் வெண்ணெய் தடவிய பன்னும் வந்தது. நான் ஒரு கையால் டீயைக் குடித்துக்கொண்டே மற்றக் கையை உட்காரும் இடத்துக்கு அடியில் விட்டு விரலால் தடவிக்கொண்டிருந்தேன். நேராக இரண்டு இழை, குறுக்கே இரண்டு இழை, அதற்குமேல் மூலைக்கு மூலை ஒவ்வொன்று. எது மேலே போகிறது, எது அடியில் போகிறது என்று விரல் தேடியது.

"கியா டூண்ட்ரஹி ஹோ? கட்மல்?" என்று கேட்டார். மூட்டைப் பூச்சி தேடுகிறேனா என்று.

எனக்கு வெட்கமாகிவிட்டது. இல்லை, பின்னலைப் பார்க்கிறேன், நான்கு பேர் உட்கார நான்கு நாற்காலி வேண்டும், ஒன்று ஜூனா பஜாரில் கிடைத்தது என்று என் இந்தியில் சொன்னேன். நல்ல நாற்காலிகளை எல்லாம் ஒரு ஷோரூம்காரர் மொத்தமாகப் பேசிவிட்டுப் போய்விட்டார் என்றார் அவர். ஒடிந்தவை மட்டும் மேலே பரணில் கிடக்கின்றன, தூசி, ஏற முடியாது என்றார்.

புடவையைச் செருகிக்கொண்டு ஏணியில் ஏறினேன். "அரே பாய், கிரோகி!" என்று அவர் கீழே நின்று ஏணியைப் பிடித்துக்கொண்டு கத்தினார். விழவில்லை. முதுகு போனது, கால் போனது, வளையம் பிளந்தது என்று ஒரு குவியல். எதன் கால் எதற்குச் சேரும் என்று பொருத்திப் பார்த்தேன். எல்லாம் ஒரே அளவு. அதுதான் அந்த நாற்காலியின் நல்ல குணம், ஒன்றின் கால் மற்றொன்றுக்கு உதவும். பொறுக்கியதில் இரண்டு நாற்காலிக்கு ஆகும். பஜாரில் வாங்கியதோடு மூன்று. நான் கீழே இறங்கிக் கணக்குப் பார்த்துக்கொண்டு நின்றதை அவர் பார்த்தார். நான் உட்கார்ந்திருந்த முழு நாற்காலியைத் தூக்கி என் பக்கம் வைத்தார்.

"இஸ்கோ தேக் தேக்கே பாக்கி பனாவ்," என்றார். இதைப் பார்த்துப் பார்த்து மற்றதைச் செய். ஷோரூம்காரருக்கு ஒன்று குறையுமே என்றேன். ஷோரூமில் யாரும் உட்கார மாட்டார்கள், நின்று பார்ப்பார்கள், பார்ப்பதற்கு ஒன்று குறைந்தால் என்ன என்றார். அதற்கும் காசு கொடுத்துவிட்டுத்தான் வந்தேன். சும்மா வாங்கிக்கொள்ளவில்லை.

இந்தத் தடவை ஆட்டோ. நான் நடுவில், இரண்டு பக்கமும் கால்கள் வெளியே நீட்டிக்கொண்டு. சந்துக்குள் நுழைந்தபோது பிள்ளைகள் பின்னாலேயே ஓடி வந்தார்கள். இவர் வாசலில் நின்று பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டார்.

பெயின்டையும் பழைய பாலிஷையும் கண்ணாடித் துண்டால் சுரண்டினேன். ஒடிந்த ஜன்னல் கண்ணாடியின் ஓரம் உளியைவிட நன்றாகச் சுரண்டும், மரம் சுருள் சுருளாக மெல்லிசாக வரும். கையில் துணி சுற்றிக்கொள்ள வேண்டும். அப்புறம் உப்புத்தாள், முதலில் முரடு, பிறகு மெல்லிசு. வளைந்த மரத்தில் உப்புத்தாளைக் குறுக்கே தேய்க்கக் கூடாது, மரம் போகிற போக்கில்தான் கை போக வேண்டும். சமையல் முடிந்ததும் வாசலில் உட்காருவேன், வெளிச்சம் போகும்வரை.

ஒரு நாள் பரணிலிருந்து வந்த ஒரு நாற்காலியின் துருப்பிடித்த போல்ட்டோடு மல்லுக்கு நின்றுகொண்டிருந்தேன். மண்ணெண்ணெய் ஊற்றியும் அசையவில்லை. ஸ்பேனர் வழுக்கி வழுக்கிக் கத்தியது. உள்ளேயிருந்து அவர் குரல்.

"அப்டிப் புடிச்சா மரை போய்டும்."

நான் வேண்டுமென்றே இன்னும் தப்பாகப் பிடித்துத் திருப்பினேன்.

"மரை போய்டும்ன்றேன் இல்ல? குடு இங்க!"

டிரங்குப் பெட்டியை வாசலுக்கு இழுத்து அதன்மேல் உட்கார்ந்தார். போல்ட்டைச் சுற்றி மெதுவாகத் தட்டினார், காதை வைத்துக் கேட்டார், திரும்பவும் தட்டினார். கழன்றது. அன்றைக்கு மத்தியானமே எல்லா போல்ட்டையும் கழற்றித் தட்டில் வரிசையாக வைத்து, இது ஆகாது, இது ஆகும் என்று பிரித்தார். ஆகாதவற்றை எடுத்துக்கொண்டு போசரியில் சின்ன லேத்துப் பட்டறை வைத்திருக்கும் தெரிந்தவரிடம் போய் புதிதாகக் கடைந்து வாங்கி வந்தார். போன இடத்தில் அவர்கள் மிஷினில் தானே நின்று கடைந்ததாகச் சொன்னார். முட்டி வலிக்கவில்லையா என்று கேட்டேன். அதை அவர் கவனிக்கவில்லையாம்.

பிரம்பு நான் பார்த்துக்கொண்டேன். பேட்டைப் பக்கம் கூடை முடைகிறவர்கள் சந்தில் சீவின பிரம்பு கிடைத்தது. தண்ணீரில் ஊறப் போட்டால் வாழைநார் போல இளகும். இரானிக்காரர் கொடுத்த நாற்காலியை முன்னால் வைத்துக்கொண்டு பார்த்துப் பார்த்துக் கோத்தேன். மூலை இழையை மாற்றிக் கோத்துவிட்டால் பிரம்பு உரசி நார் நாராகக் கிளம்பும். அப்படிக் கிளம்பி முதல் தடவை முழுவதையும் பிரித்தேன். இரண்டாவது தடவை பாதியில் பிரித்தேன். ஈரத்தில் லூசாக இருந்த பின்னல் காய்ந்ததும் இறுகி, விரலால் தட்டினால் தப்பட்டை போலச் சத்தம் கேட்டது. அந்தச் சத்தம் கேட்டதும் அவர் உள்ளேயிருந்து எட்டிப் பார்த்தார். நான் பார்க்காதது போல இருந்துகொண்டேன்.

பாலிஷில் மழை புகுந்தது. அரக்கை ஸ்பிரிட்டில் கரைத்து, பஞ்சைத் துணியில் பொட்டலம் கட்டித் தொட்டுத் தொட்டுத் தேய்க்க வேண்டும். கறுப்புச் சாயம் கலந்து, கண்ணாடி போல வரும்வரை. புரட்டாசி பிறந்தும் இங்கே மழை விடவில்லை. ஈரக் காற்றில் பூசியதால் பாலிஷ் முழுக்கச் சாம்பல் பூத்தது போல வெளுத்துவிட்டது. திரும்பச் சுரண்டி, வெயிலுக்குக் காத்துக் கிடந்தேன். தசரா போனது. வானம் வெளுத்ததும் ஒரே மூச்சாகப் பூசினேன். நான்கும் கறுப்பாக, வரிசையாக, கூடத்தில் நின்றன. நான் சாமி கும்பிடும்போது கூட அவற்றைத்தான் பார்த்தேன்.

அதற்கு அடுத்த நாள் கடைக்குப் போய்விட்டு வந்து பார்க்கிறேன், ஒரு நாற்காலி கவிழ்ந்து கிடக்கிறது. இவர் டிரங்குப் பெட்டியில் உட்கார்ந்து, நாக்கை மடித்துக் கடித்துக்கொண்டு, சின்ன பிரஷ்ஷால் வெள்ளைப் பெயின்டில் அடியில் எழுதிக்கொண்டிருக்கிறார். பெரிய ஒன்று. பக்கத்தில் ஒரு கோடு போட்டு நான்கு எழுத ஆரம்பித்திருந்தார். நான்கில் முதல் நாற்காலியாம்.

எனக்கு வந்த கோபத்தில் கையிலிருந்த பை கீழே விழுந்து வெங்காயம் உருண்டது.

"இன்னா பண்றீங்க?"

"நம்பர் போடறேன். ஒவ்வொரு சேருக்கும் ஒண்ணு. நாளைக்கு யாராவது தூக்கிகினு போய்ட்டா, இது எங்களுதுன்னு எப்டிச் சொல்லுவே?"

"நம்பர் போட்டது எதுனா நம்மளுதா இருந்துச்சா?"

பிரஷ் நின்றது. அவர் நாற்காலியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிரஷ்ஷைக் கீழே வைத்தார். பிறகு கையை நீட்டினார்.

"அந்தக் கண்ணாடித் துண்டை எடு."

அவரே சுரண்டினார். பெயின்ட் காயவில்லை என்றாலும் அடியில் பாலிஷ் போடாத மரத்தில் கொஞ்சம் இறங்கிவிட்டது. மங்கலாக ஒரு ஒன்று தெரியும். இப்போதும் தெரியும்.

தீபாவளிக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை மூன்று பேரும் வந்தார்கள். வெந்தயக் கலர் சட்டை போட்டுக்கொண்டு அண்ணா கடைசியாக வந்தார். வளையம் பிளந்து ஒட்டிய நாற்காலி எது என்று எனக்குத் தெரியும், அது அவர் பக்கம் இருந்தது. மாற்றி வைக்கப் போனேன். அதற்குள் அண்ணா அதன் முதுகைப் பிடித்துத் தூக்கி, பழக்க தோஷம், கவிழ்த்து அடியைப் பார்த்தார். குவார்ட்டர்ஸில் ஒரு வீட்டு விசேஷத்துக்கு இன்னொரு வீட்டு நாற்காலி போகும், வரும். உட்காருவதற்கு முன்னால் யார் வீட்டு நம்பர் என்று பார்ப்பது எல்லோருக்கும் வழக்கம்.

"இன்னாடா இது, நம்பர் இல்ல? எந்த ஸ்டோர்ல எடுத்தே?"

நான் வாயைத் திறப்பதற்குள் இவர் சொன்னார்.

"நம்பர் இல்லடா. எங்களுது. உக்காரு."

உட்கார்ந்தார். பிரம்பு முனகியது. ஒரு தடவை முன்னும் பின்னும் ஆடிப் பார்த்தார். நான் அடுக்களைக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"தங்கச்சி, இது ஒடியாது போலக்கீதே!" என்றார், ஏமாந்து போனவர் போல. எல்லோரும் சிரித்தார்கள். சீட்டைக் கலைத்தார்கள். சாயந்தரம் விளக்குப் போடும்வரை எழுந்திருக்கவில்லை. இவர் காதில் இரண்டு தடவை கிளிப் ஏறியது.

அண்ணா சொன்னபடி ஊருக்குப் போய்விட்டார். அடுத்த ஞாயிறு மற்ற இருவரும் வந்து உட்கார்ந்தார்கள். சீட்டுக்கட்டு நடுவில் இருந்தது. மூன்று பேர் இருபத்தெட்டு ஆட முடியாது. ஃபாக்டரியில் இன்னார் இருக்கிறாரே, அவரைக் கூப்பிடலாமா, அவருக்கு இந்த ஆட்டம் வராதே என்று பேசிக்கொண்டார்கள். நான்காவது நாற்காலி காலியாக இருந்தது. டீ கொண்டுபோய் வைத்தேன். முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு அதில் உட்கார்ந்தேன்.

நான்கையும் கொண்டுவந்து சேர்த்தவள் நான். ஆனால் அவற்றில் உட்கார்ந்தது பஸ் ஸ்டாப்பிலும் இரானிக்காரர் கடையிலும்தான். என் வீட்டில் அதுதான் முதல் தடவை.

"உனுக்கு ஆடத் தெரியுமாமே?" என்றார் இவர், நிஜமாகவே ஆச்சரியத்தோடு.

"சீட்டைப் போடுங்க," என்றேன்.

அவர் எனக்கு எதிராக ஆடும் ஜோடியில். பொழுது சாய்வதற்குள் கொடியிலிருந்து நீலக் கிளிப்பை எடுத்து வந்து அவர் காதில் நானே மாட்டினேன்.